முழு ஆண்டு லீவில் முதல் சம்பாத்தியம்

பரீட்சை முடிந்து ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் வரை ஐந்தாறு வாரம் கையில் இருக்கிறது. "சும்மாதானே இருக்கான், நாலு காசு சம்பாதிக்கட்டுமே" என்ற பேச்சு ஆவடியில் பல வீடுகளில் அப்போதுதான் எழும். சில வீடுகளுக்கு அந்தப் பணம் உண்மையாகவே தேவை. நோட்டு, பை, ஷூ, வேன் கட்டணம் எல்லாம் ஜூனில் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். வேறு சில வீடுகளுக்குப் பணம் பெரிதில்லை, பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தால் போதும். இரண்டு வகைப் பெற்றோருக்கும் இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான். பிள்ளை வீட்டுத் தொழிலில் கைகொடுக்கட்டும், அல்லது தனக்கென்று சின்னதாக ஒரு வியாபாரம் தொடங்கட்டும். அடுத்தவர் கடையில் சம்பளத்துக்கு நிற்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். 14 வயது நிறையாத பிள்ளை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

இதைச் சொன்னதும் அப்துல் கலாமை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல் எட்டு வயதுச் சிறுவனாக அவர் புளியங்கொட்டை பொறுக்கி ராமேசுவரம் மசூதித் தெருக் கடையில் விற்றார். ஒரு நாள் பொறுக்கினால் ஓரணா கிடைத்தது. ராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்ட பிறகு, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்தார். பத்திரிகை விநியோகம் அவருடைய உறவினர் சம்சுதீனின் தொழில். 'அக்கினிச் சிறகுகள்' நூலில் அந்த முதல் சம்பாத்தியத்தைப் பற்றி எழுதும்போது கலாமின் பெருமிதம் இன்னும் ஆறியிருக்கவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. கொட்டை பொறுக்கியது அவருடைய சொந்த வேலை. பத்திரிகை, உறவுக்குள் நடந்த தொழில். இரண்டில் எதுவும் அவர் பள்ளிக்கூடத்தைத் தொடவில்லை. இந்த மூன்றையும் உங்கள் பிள்ளையின் கோடை வேலைக்கும் அளவுகோலாக வையுங்கள்.

வயதை முதலில் பாருங்கள்

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் அது கடுமையாகத் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. மளிகைக் கடை, டீக்கடை, வீட்டு வேலை எதற்கும் விலக்கு இல்லை. சினிமா, டி.வி., விளம்பரம் போன்றவற்றில் நடிக்கும் பிள்ளைகளுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. மற்றபடி உள்ள ஒரே வழி, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவுவது. குடும்பம் என்றால் யார் யார் என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது: அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அப்பாவுடனும் அம்மாவுடனும் பிறந்தவர்கள். சித்தப்பா கடை, மாமா கடை, அத்தை கடை வரை சரி. தாத்தா பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். "மாமா மாதிரி" என்று சொல்லிக்கொள்கிற பக்கத்துக் கடைக்காரரும் அதில் கிடையாது.

14 முடிந்து 18 நிறையாதவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. இவர்கள் ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம், அதற்கும் வரம்பு உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கிடையாது, ஓவர்டைம் கிடையாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். முதலாளி இவர்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, தொழிலாளர் துறை ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் பையனை வேலைக்குக் கேட்கிற கடைக்காரரிடம் இந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே அனுப்பலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

சட்டத்தை மீறி வேலைக்கு வைப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை, மறுபடியும் செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். இந்தக் கடுமை சும்மா வந்துவிடவில்லை. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பிள்ளைகள் படும் பாட்டை வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் இருந்தது நம் மாநிலத்துப் பிள்ளைகளின் விரல்கள்.

ஆவடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. அதைச் சுற்றி லேத், வெல்டிங், முலாம் பூசும் பட்டறைகள் நிறைய. "ரெண்டு மாசம் வந்து வேலை கத்துக்கட்டும்" என்று அங்கிருந்து அழைப்பு வரும். எரியும் பொருள், ரசாயனம், வெல்டிங், எலெக்ட்ரோபிளேட்டிங் எல்லாம் 18 நிறையாதவர்களுக்குத் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருப்பவை. பட்டாசு விற்கும் கடைக்கும் அதே தடைதான். கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு ஐ.டி.ஐ.-யில் சேருங்கள். அங்கே கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு கற்பான், கையில் சான்றிதழும் கிடைக்கும்.

மே மாதத்து ஆவடியில் எது விலைபோகும்?

சமூக ஊடகங்களில் வரும் வெளிநாட்டு யோசனைகள் இங்கே பாதிக்குமேல் உதவாது. பிரிட்டனில் 13 வயதுப் பிள்ளை காலை 7 மணிக்குமேல் பேப்பர் போடலாம். இங்கே பேப்பர் போடுவது விடியற்காலை நாலரை, ஐந்து மணி வேலை. நம் சட்டப்படி 18 வரை அந்த நேரத்தில் வேலையே கிடையாது. அதனால் நம் ஊரையும் நம் வெயிலையும் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மே மாத வெயிலே ஒரு முதல். அதைக் காசாக்குகிற வீட்டுத் தொழில் வற்றல், வடாம். ஆவடியில் மொட்டை மாடி உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாடியில்லாத அடுக்ககத்துக்காரர்கள் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறார்கள். அரிசிக் கூழ் வற்றலை எடுத்துக்கொள்வோம். கூழ் கிண்டுவது அம்மாவின் வேலை. கொதிக்கிற கூழ் தெறித்தால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும், அதனால் பிள்ளையை அடுப்பருகே விடாதீர்கள். முதல் நாள் இரவே கிண்டி ஆறவிட்டு, காலை ஏழு மணிக்குள் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாழியில் போட்டுப் பிழிவார்கள். இங்கிருந்து பிள்ளையின் வேலை தொடங்குகிறது: நான்கு மூலையிலும் கல் வைப்பது, காக்கைக்குக் காவல் நிற்பது. காவல் என்றால் வெயிலில் நிற்பதல்ல, மாடிப்படி நிழலில் உட்கார்ந்து பார்ப்பது. மறுநாள் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்து உரித்தால் வற்றல் உடையாமல் வரும். அவசரப்பட்டால் துணியோடு ஒட்டிக்கொண்டு தூளாகும். தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு நாள் வெயில் காட்ட வேண்டும். ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரத்தோடு பாக்கெட் போட்டால் பத்து நாளில் பூஞ்சை வரும், வாங்கிய வீடு அடுத்த முறை கதவைத் திறக்காது.

கணக்குப் போடுவது எப்படி என்று காட்ட ஒரு உதாரணம். அரிசி, அரைவைக் கூலி, மிளகாய், பெருங்காயம், எலுமிச்சை, கேஸ், கவர் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ வற்றலுக்கு 150 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கால் கிலோ பாக்கெட் 80 ரூபாய் என்றால் நான்கு பாக்கெட்டுக்கு 320. மிச்சம் 170. பிள்ளை உடனே "எனக்கு 170 ரூபா லாபம்" என்பான். அங்கேதான் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். இரவில் கூழ் கிண்டிய அம்மாவின் உழைப்புக்கு எவ்வளவு? வேட்டி கிழிந்தால் யார் வாங்குவது? முதல் போட்ட 150 யாருடையது? அதை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். வீட்டில் செய்கிற சோற்றுக்கும் உழைப்பு இருக்கிறது என்று பிள்ளைக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் புரியும். எனக்கு இந்த வியாபாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தொடர்ந்து விற்பதானால் அம்மா பெயரில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மோர், பானகம், எலுமிச்சை ஜூஸ் விற்பது பிள்ளைகளுக்குப் பிடித்த யோசனை. வீட்டு வாசலில், பெரியவர் ஒருவர் கூட இருக்க, சாயங்காலம் நாலு மணிக்குமேல் நடத்தலாம். காய்ச்சி ஆறிய தண்ணீரை மண்பானையில் வைத்தால் போதும். மீன் கடைக்குப் போகும் கட்டி ஐஸை எக்காரணம் கொண்டும் வாங்கிப் போடாதீர்கள். சி.டி.எச். ரோட்டிலும் ரயில் நிலைய வாசலிலும் கடை போட பிள்ளைகளை அனுப்பாதீர்கள். வண்டி நெரிசல் ஒரு காரணம். தெரு வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டமும் 14 வயது நிறைந்தவருக்குத்தான் விற்பனைச் சான்று தருகிறது.

ஆவடிக்கே உரிய வாய்ப்பு ஒன்று உண்டு, அதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. எச்.வி.எஃப்., ஓ.சி.எஃப். என்னும் பாதுகாப்புத் துறை ஆலைகள், சி.ஆர்.பி.எஃப்., விமானப்படை என்று குவார்ட்டர்ஸ் நிறைந்த ஊர் இது. மத்திய அரசு ஊழியர் குடும்பங்களுக்குக் கோடை என்பது மாற்றல் காலமும்கூட. கிளம்புகிறவர்கள் சைக்கிள், மேஜை, கேந்திரிய வித்யாலயா புத்தகங்கள், வளர்ந்த பிள்ளைக்குச் சின்னதாகிவிட்ட யூனிஃபார்ம் எல்லாவற்றையும் விட்டுப்போகப் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதெல்லாம் அடுத்த மாதமே தேவைப்படும். பழைய புத்தகங்களை அம்மாவோ அப்பாவோ சேர்ந்து வாங்கி, வகுப்புவாரியாகக் கட்டி, ஜூனில் விற்பது நல்ல வியாபாரம். அரசுப் பள்ளியில் பாடநூல் இலவசம், அதனால் மாநிலப் பாடநூல் விலைபோகாது. சி.பி.எஸ்.இ. புத்தகமும், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு கைடும் போகும். வாங்குமுன் பாடத்திட்டம் மாறியிருக்கிறதா, பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.

அதே குவார்ட்டர்ஸில் இன்னொரு தேவை இருக்கிறது: தமிழ். வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் மார்க்கெட்டில் காய் வாங்கவும் ஆட்டோவுக்குப் பேரம் பேசவும் நாலு வாக்கியம் தெரிந்தால் போதும் என்று ஏங்குகின்றன. சி.பி.எஸ்.இ.-யில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளே எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவதையும் பார்க்கிறோம். பத்தாம், பதினோராம் வகுப்பு முடித்த பெண்ணோ பையனோ தன் வீட்டுத் திண்ணையில் நாலைந்து சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து, காலை ஒன்பது முதல் பத்தரை வரை சொல்லிக் கொடுக்கலாம். உயிரெழுத்து, மெய்யெழுத்து வரிசையாக ஒப்பிக்க வைக்காமல், பிள்ளைகளின் பெயரையும் கடைப் பலகைகளையும் வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு மாத முடிவில் படிக்க வந்த பிள்ளை பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டால், அடுத்த கோடைக்கும் இடம் கேட்டு வருவார்கள். இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலைகளிலேயே மதிப்பு மிக்கது இது என்பது என் தீர்மானமான கருத்து. செய்கிறவருக்கும் படிப்பு கூடுகிறது.

மே மாதம் ஊருக்குப் போகிறவர்களின் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் 14 முடிந்த பிள்ளைகளுக்கு ஏற்றதே. கேட்கும் முறையைப் பழக்கிவிடுங்கள்: "ஆன்ட்டி, நீங்க ஊருக்குப் போற பத்து நாளும் செடிக்கு நான் தண்ணி ஊத்துறேன். காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. ஒரு நாளைக்கு இருபது ரூபா. வாடிப்போன செடி இருந்தா இப்பவே காட்டிடுங்க." அந்தக் கடைசி வரி முக்கியம், பின்னால் வரும் மனக்கசப்பை அது தவிர்க்கும். வீட்டுச் சாவியைப் பிள்ளை வாங்கக் கூடாது. தொட்டிகளை வாசலுக்கு எடுத்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

தையல் மிஷின் உள்ள வீட்டில் துணிப்பை தைக்கலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ராணுவ உடை தைக்கும் ஓ.சி.எஃப். இந்த ஊரில் இருப்பதால் நல்ல தையல் தெரிந்த பெரியவர்கள் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். நேர்த்தையல் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். கைப்பிடி சேரும் இடத்தில் குறுக்காக இரட்டைத் தையல் போட்டால்தான் ஐந்து கிலோ அரிசியைத் தாங்கும். சித்திரை, வைகாசி முகூர்த்த மாதங்கள் என்பதால் மெகந்தி போடத் தெரிந்த பெண்களுக்கும் அழைப்பு வரும். மணப்பெண் வீட்டுக்கு அம்மாவோ அக்காவோ கூடப் போக வேண்டும், இருட்டுமுன் திரும்ப வேண்டும்.

பந்தியில் பரிமாறும் வேலை

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் லீவில் அதிகம் போவது கேட்டரிங் வேலைக்குத்தான். அண்ணன் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் கூப்பிடுவார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனால் சாப்பாடும் அன்றைய கூலியும் கிடைக்கும். பையன்களுக்கு அது பிடிக்கிறது, கூட்டாளிகளோடு போகலாம், கையில் உடனே காசு. ஆனால் வரவேற்புப் பந்தி இரவு ஏழு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். முடித்து, இலை எடுத்து, பாத்திரம் ஏற்றிவிட நள்ளிரவாகும். பிறகு லோடு வண்டியின் பின்னால் உட்கார்ந்தோ, ஒரே பைக்கில் மூன்று பேராகவோ வீடு திரும்புகிறார்கள். கொதிக்கும் சாம்பார் வாளி, ஈரமான தரை, தூக்கக் கலக்கம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 18 நிறையாதவனுக்கு அந்த நேரத்து வேலையைச் சட்டம் தடுப்பது நியாயமான காரணத்தோடுதான். காலை முகூர்த்தத்தில் எட்டு மணிக்குமேல் மதியப் பந்தி வரை என்றால் மட்டும் யோசியுங்கள். போக வர வழியை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

வண்டியை அவன் கையில் கொடுக்காதீர்கள். உரிமம் இல்லாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வாட்டர் கேன் போடும் வேலை, பார்சல் வேலை எல்லாவற்றுக்கும் இதுவே பதில்.

மொத்தமாக அட்வான்ஸ் கொடுத்துப் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முன்பணத்துக்கு ஆளைக் கட்டிப்போடுவது கொத்தடிமை முறை, 1976 முதல் அது குற்றம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டவர்கள் அப்படி ஒரு முன்பணத்தில் மாட்டியவர்களே. பிள்ளை எங்காவது அப்படிச் சிக்கியிருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

பணம் யாருடையது?

இப்போதெல்லாம் வாங்குகிறவர்கள் அம்மாவின் ஜிபே நம்பருக்குத்தான் அனுப்புகிறார்கள். பணம் வந்த சத்தம் பிள்ளைக்குக் கேட்கிறது, பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதக் கடைசியில் அது கேஸுக்கும் காய்கறிக்கும் கரைந்துபோயிருக்கும், பிள்ளை கேட்டால் வீட்டில் சங்கடம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வரவு, செலவு, யார் போனில் வந்தது என்று நான்கு கட்டம் போட்டு அன்றன்றைக்கு எழுதி, ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தீர்க்க வேண்டும். வீட்டுக்குத் தேவைப்பட்டு எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள், கடன் என்று எழுதுங்கள், திருப்பிக் கொடுங்கள். வீட்டுச் செலவுக்குப் பிள்ளையும் பங்கு கொடுக்க வேண்டிய நிலைமை என்றால் எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். பேசாமல் எடுப்பதுதான் பிள்ளையின் மனத்தை முறிக்கும்.

10 வயது முடிந்த பிள்ளை தபால் நிலையத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே இயக்கலாம். குறைந்தபட்சம் 500 ரூபாய். வங்கிகளும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாகக் கணக்கு நடத்த அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் விதிகளைத் தெளிவுபடுத்தியது. பிள்ளையைக் கூட்டிப்போய், படிவத்தை அவன் கையாலேயே நிரப்ப வையுங்கள்.

ஆன்லைனில் சம்பாதிக்கலாம் என்று பிள்ளை சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். யூடியூப் வருமானம் வரும் ஆட்சென்ஸ் கணக்கு 18 வயது ஆகாமல் சொந்தப் பெயரில் கிடைக்காது. "வீடியோவுக்கு லைக் போட்டால் காசு", "முதலில் 500 கட்டு, ஆயிரமாகத் தருகிறோம்" என்று டெலிகிராமில் வருவது மோசடி. அதைவிடக் கெட்டது, "உன் அக்கவுண்டில் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்பது. திருட்டுப் பணம் உங்கள் பிள்ளை கணக்கு வழியாகப் போனால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் வாரம்

கோடை வேலையின் உண்மையான ஆபத்து மே மாதத்தில் இல்லை. பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு "ரிசல்ட் வரைக்கும்" என்று கடைக்குப் போன பையன், கையில் காசு புரளும் ருசி கண்டபின் ஜூனில் "இந்த வருஷம் வேணாம்ப்பா" என்பான். முதலாளியும் "பையன் சூட்டிகை, நம்மகிட்டயே இருக்கட்டும்" என்பார். அதனால் வேலை தொடங்கும் அன்றே முடியும் தேதியைக் குறித்துவிடுங்கள். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு எல்லாம் நிற்க வேண்டும். அந்த ஒரு வாரம் தூக்கத்துக்கும் விளையாட்டுக்கும் ஊருக்குப் போய்வரவும்.

தயங்குகிற பிள்ளையிடம் பணக் கணக்கையே சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போகும் மாணவிகளுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு. நடுவில் நின்றவனுக்கு அது இல்லை.

ஆவடி மார்க்கெட்டிலும் சி.டி.எச். ரோட்டிலும் பட்டாபிராமிலும் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கடையில் லீவுக்கு நின்ற பையன் பள்ளி திறந்த பிறகும் காலையில் வந்து நின்றால், ஷட்டரைத் தூக்கச் சொல்லாதீர்கள். சேர வேண்டிய பணத்தைக் கையில் கொடுத்து, அவன் அப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்.